பெரிய டயர்: கூடுவது 40 அல்ல, 20 மில்லிமீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகன இணைப்பில் சென்ற வாரம் வந்த, மாருதி ஜிம்னிக்குப் பெரிய டயர் மாட்டுவது பற்றிய குறிப்பில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. கம்பெனி தரும் 195/80 ஆர்15 டயருக்குப் பதில் 235/75 ஆர்15 மாட்டினால் தரை இடைவெளி 40 மில்லிமீட்டர் கூடும் என்பது ஒன்று. கம்பெனி ரிம்மிலேயே அதைப் போட்டுக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. முதலாவது கணக்குப் பிழை, யாருக்கும் சேதமில்லை. இரண்டாவதை நம்பி ஒருவர் கடைக்குப் போனால் அவருக்குக் கைக்காசு நஷ்டம். வண்டி மலை இறங்கும்போது அதைவிடப் பெரிய நஷ்டமும் வரலாம்.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். டயர் பக்கவாட்டில் இருக்கும் 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 195-ல் 80 சதவீதம் 156. மேலும் கீழும் இரண்டு சைடுவால், ஆக 312. பதினைந்து அங்குலம் 381 மில்லிமீட்டர். மொத்த உயரம் 693. இதே வழியில் 235/75 ஆர்15-க்குப் போட்டால் 733.5 வரும். வித்தியாசம் 40.5 மில்லிமீட்டர்தான். ஆனால் ஆக்சில் டயரின் நடுவில் இருக்கிறது. கூடிய உயரத்தில் பாதி ஆக்சிலுக்கு மேலே போய்விடும், பாதிதான் கீழே வரும். ஆகவே தரை இடைவெளியில் கூடுவது 20 மில்லிமீட்டர். ஜிம்னியின் 210, 230 ஆகும், அவ்வளவே.

அந்த 20 மில்லிமீட்டரை அற்பம் என்று சொல்லவில்லை. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ரிஜிட் ஆக்சில். பாறையில் முதலில் இடிப்பது அதன் டிஃபரன்ஷியல் ஹவுசிங், அதாவது பல்சக்கரங்களை மூடியிருக்கும் உருண்டைக் கூடு. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை எவ்வளவு தூக்கினாலும் உயர்வது பாடிதான், ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரைத் தவிர வேறு சுலபமான வழி கிடையாது. பெரிய டயருக்கு உள்ள நியாயமான காரணம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் பார்வைக்கு.

பார்வைக்கு என்றதும் இன்னொன்று. 'பெரிய வீல்' என்று கேட்டுப் போகிறவர்கள் பலர் ரிம்மைப் பெரிதாக்கிக்கொண்டு வருகிறார்கள். காட்டு வழிக்கு அது தலைகீழ் வைத்தியம். மஹிந்திரா தாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகைக்கு 245/75 ஆர்16, விலை கூடிய வகைக்கு 255/65 ஆர்18. வெளி உயரம் 774-ம் 789-ம், ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பதினாறில் சைடுவால் 184 மில்லிமீட்டர், பதினெட்டில் 166. கல்லில் ஏறும்போது மடிந்து கொடுக்க வேண்டியது அந்தச் சைடுவால். அது குட்டையானால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கி வெடிக்கும், அலாய் விளிம்பும் தெறிக்கும். வெளி உயரம் கூடட்டும், ரிம் விட்டம் கூட வேண்டாம். பிரேக் காலிப்பரில் இடிக்காத வரை ரிம் சிறிதாக இருப்பதே நல்லது.

இனி இரண்டாவது பிழைக்கு வருகிறேன். ஜிம்னியின் கம்பெனி ரிம் 5.5ஜே, அதாவது உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு ஐந்தரை அங்குல அகலம். டயர் கம்பெனிகள் ஒவ்வொரு அளவுக்கும் எந்த அகல ரிம் பொருந்தும் என்று அட்டவணை வெளியிடுகின்றன. 235/75 ஆர்15-க்கு 6ஜே முதல் 8ஜே வரை. ஐந்தரை அதில் இல்லை. டயர் ஏறாது என்பதல்ல, மெஷினில் வைத்து அமுக்கினால் ஏறிவிடும், காற்றும் பிடிக்கும். அதனால்தான் கடைக்காரர் தைரியமாக மாட்டிக் கொடுக்கிறார். ஆனால் அடிப்பக்கம் ஒடுங்கி, நடுப்பகுதி பலூன்போல் உப்பி நிற்கும். நேர் சாலையில் நடுப்பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டை) மட்டும் தேயும். வளைவில் சைடுவால் புரண்டு, ஸ்டியரிங் ஒடித்த பிறகு ஒரு கணம் கழித்துத்தான் வண்டி திரும்பும். காட்டு வழி ஓட்டிகள் ஒடுக்கமான ரிம்மை விரும்புவதற்குக் காரணம் உண்டு. காற்றை இறக்கி ஓட்டும்போது டயரின் பீடு, அதாவது ரிம்மைப் பிடித்திருக்கும் உள்விளிம்பு, சீக்கிரம் கழலாது. அந்த நன்மைக்கு 6ஜே அல்லது 6.5ஜே போதும், அட்டவணையைத் தாண்ட வேண்டியதில்லை. கம்பெனி ரிம்மை மாற்ற மனமில்லை என்றால் 215/75 ஆர்15 போடலாம். உயரம் 703.5, அந்த ரிம்மில் உட்காரும், எங்கும் உரசாது. தரை இடைவெளி 5 மில்லிமீட்டர்தான் கூடும். ஆனால் எல்லாத் தரைக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் பட்டன் வைத்த டயராக அதை வாங்கினால் பாதிப்பேருக்கு வேண்டியது அதிலேயே கிடைத்துவிடும்.

புது ரிம் வாங்குகிறவர்கள் போல்ட் எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஜிம்னிக்கு ஐந்து போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம், நடு ஓட்டை 108 மில்லிமீட்டர். இவை பொருந்தினாலும் ஆஃப்செட் தவறினால் எல்லாம் தவறும். சக்கரம் மாட்டும் ஹப்பில் பதியும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். ரிம்மின் உட்புறம் 'இ.டி.' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஜிம்னிக்கு அது பிளஸ் 5.

கடைக்குப் போகுமுன் ஒரு துண்டுத் தாளில் இதைப் போட்டுப் பாருங்கள். டயர் அகலத்தில் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் ஹப் முகத்திலிருந்து டயர் உள்ளே எவ்வளவு போகும் என்று தெரியும். கழித்தால் வெளியே எவ்வளவு வரும் என்று தெரியும். கம்பெனி டயருக்கு உள்ளே 102.5, வெளியே 92.5. அகலம் 235, ஆஃப்செட் பிளஸ் 5 என்றால் உள்ளே 122.5. அதாவது முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்மை நோக்கி 20 மில்லிமீட்டர் நெருங்கிவிட்டது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் ஆர்மில் தேய்க்கும். மைனஸ் 5 ரிம் என்றால் உள்ளே 112.5, வெளியே 122.5. மைனஸ் 20 போட்டால் உள்ளே 97.5, ஆர்மிலிருந்து தாராளமாக விலகிவிடும். ஆனால் வெளியே 137.5, பழையதைவிட 45 மில்லிமீட்டர் துருத்தும். மழைக்காலத்தில் கதவு முழுக்கச் சேறு. அது போகட்டும். வீல் பேரிங்கும், முன்சக்கரம் திரும்பும் அச்சில் இருக்கும் கிங்பின் பேரிங்கும் நீண்ட நெம்புகோலின் நுனியில் பாரம் சுமப்பதுபோல் சுமக்கும். கிங்பின் பேரிங் கொஞ்சம் தளர்ந்தாலும் 60, 70 வேகத்தில் ஒரு பள்ளம் பட்டதும் ஸ்டியரிங் பேயாட்டம் ஆடும். அதற்கு ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டியரிங் டேம்பரை மாற்றுவார்கள், ஒரு மாதம் அடங்கும், மறுபடி ஆடும். என் யோசனை பூஜ்யத்துக்கும் மைனஸ் 10-க்கும் நடுவில் நிற்பது. ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரின் அகலமும் 5 மில்லிமீட்டர் அளவு கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காகிதக் கணக்கு பாதி வேலை. மீதி வண்டியில். எல்லாவற்றையும் வாங்கிக் கோப்பதற்கு முன் ஒரே ஒரு டயரை ரிம்மில் ஏற்றி முன்பக்கம் மாட்டச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை இடது கடைசி, வலது கடைசி இரண்டுக்கும் ஒடித்துப் பாருங்கள். நின்ற இடத்தில் உரசாத டயர் ரிவர்ஸில் உரசும், ஏனென்றால் பின்னால் போகும்போது ஆக்சில் சற்றே நகரும். அதனால் முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். அடுத்து அந்த முன்சக்கரத்தை ஒரு மேட்டில் ஏற்ற வேண்டும். ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, சக்கரத்துக்கு மேலுள்ள பாடி வளைவுக்குள் டயர் புகும் நிலைதான் கடும் சோதனை. அதே நிலையில் இரு பக்கமும் ஒடியுங்கள்.

எங்கே உரசுகிறது என்று கண்ணால் பார்ப்பது கஷ்டம். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை நெல்லிக்காய் அளவு உருட்டி நாலைந்து இடத்தில் ஒட்டுங்கள்: ஃபெண்டர் லைனரின் (சக்கர வளைவின் உட்புறப் பிளாஸ்டிக் மறைப்பு) முன்மூலை, பம்பரின் கீழ்முனை, மட் ஃபிளாப் இருக்கும் பின்மூலை, ரேடியஸ் ஆர்மின் வெளிப்பக்கம். ஒடித்து நகர்த்திவிட்டு வந்து பார்த்தால் எந்த உருண்டை எவ்வளவு தட்டையாகியிருக்கிறது என்று அளந்தே சொல்லிவிடலாம். குறைந்தது 10 மில்லிமீட்டர் கனம் மிச்சம் இருக்க வேண்டும். பட்டனுக்குள் ஒரு கூழாங்கல் சிக்கினால் அந்த இடைவெளிதான் காப்பாற்றும். அப்படியே பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். ஒயரையும் விரலால் தொட்டுப் பாருங்கள், எங்கும் விறைத்து நிற்கக் கூடாது.

ஜிம்னியில் ஸ்பிரிங்கை மாற்றாமல் 235/75 போட்டால் பெரும்பாலும் ரேடியஸ் ஆர்மிலும் பம்பர் முனையிலும் படும். மட் ஃபிளாப்பைக் கழற்றுவது சுலபம். பிளாஸ்டிக் லைனரை ஹீட் கன்னால் இளக்கி உள்ளே அமுக்கலாம். பம்பரின் அடிமூலையைச் சற்றுச் சீவலாம். ஆர்மில் தேய்ப்பதற்கு ஒடிப்பைக் கடைசியில் தடுக்கும் ஸ்டியரிங் ஸ்டாப்பர் போல்ட்டைச் சற்று வெளியே நீட்டி வைத்து ஒடிப்பைக் குறைப்பார்கள். அதற்கு விலை திருப்பு வட்டத்தில் கொடுக்கிறீர்கள். 5.7 மீட்டர் ஆரத்தில் திரும்பிய வண்டி அதற்குமேல் இடம் கேட்கும். ஒரே ஒடிப்பில் போன கொண்டை ஊசி வளைவில் ரிவர்ஸ் எடுக்க நேரும். தகரத்தை வெட்டச் சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் அந்த விளிம்புக்கு பிரைமரும் சீலரும் போடாமல் விடக் கூடாது, இரண்டு மழையில் துரு உள்ளே இறங்கிவிடும்.

31 அங்குல டயர் ஆசை பற்றி ஒரு வரி. 787 மில்லிமீட்டர் உயரம், கம்பெனி டயரைவிட 13.6 சதவீதம் பெரிது. அதற்கு ஸ்பிரிங், ஷாக், நீண்ட பிரேக் ஹோஸ் எல்லாம் மாற வேண்டும். வண்டியைத் தூக்கினால் ரேடியஸ் ஆர்ம் சாய்ந்து, கூடவே ஆக்சிலும் சுழன்று காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. அதைச் சரிசெய்யத் தனி புஷ் வேண்டும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் பேன்ஹார்டு ராடு, அதை ஒரு பக்கம் இழுத்துவிடும், அதற்கு நீளம் மாற்றக்கூடிய ராடு வேண்டும். அப்புறம் கியர் பல் விகிதத்தையும் மாற்ற வேண்டிவரும். தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு இது தேவையா என்பது அவரவர் பர்சைப் பொறுத்தது.

மாட்டும் வேலையில் நடக்கும் தவறுகளில் மோசமானது நட்டில் நடப்பது. ஜிம்னியின் ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) 12 மில்லிமீட்டர், 1.25 பிட்ச், அதாவது மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர். அதே 12-ல் 1.5 பிட்ச் நட்டும் கடையில் கிடக்கும். இம்பாக்ட் கன்னை வைத்து அடித்தால் அது பாதி வரை ஏறிவிடும், மரையைத் தின்றுவிட்டு. எந்த நட்டையும் முதல் நாலைந்து சுற்று கையால் ஏற்றச் சொல்லுங்கள். நட்டின் அடிக்கூம்பு ரிம் துளையின் வடிவத்தோடு பொருந்த வேண்டும், கூம்பு நட்டுக்கு உருண்டைத் துளை சேராது. வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே குறுக்குக் குறுக்காக இறுக்கி, இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சில் 100 நியூட்டன் மீட்டர் வைத்து முடிக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை. புது அலாயில் பெயின்ட் அமுங்கி நட்டு தளர்வது சாதாரணம்.

சக்கரத்தை வெளியே தள்ள, ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற வட்டத் தகட்டை வைத்துப் பழைய ஸ்டட்டிலேயே நட்டைப் போடுவது வேண்டவே வேண்டாம். ஸ்டட்டின் பருமன் அளவுக்காவது நட்டு ஏற வேண்டும், இங்கே 12 மில்லிமீட்டர், அதாவது ஒன்பது பத்து முழுச் சுற்று. ஐந்தாறு சுற்றில் நின்றுவிட்டால் அந்தச் சக்கரம் கழலக் காத்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பேசர் போட்டுத்தான் தீர வேண்டும் என்றால் ஹப்பில் தனியே போல்ட் செய்து, தனக்கென்று ஸ்டட் வைத்திருக்கும் வகையைப் போடுங்கள், 108 மில்லிமீட்டர் வளையத்தில் இறுக்கமாக உட்காருவதாக இருக்கட்டும். ரிம்மின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் 80-க்கு மேல் ஒரு நடுக்கம் வரும். பேலன்ஸிங் எத்தனை முறை செய்தாலும் போகாது. ஹப் ரிங் போட்டால் போய்விடும்.

டயர் வாங்கும்போது லோடு எண் 96-க்குக் குறையாமல் பாருங்கள். ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று பொருள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். நான்கு இலக்கத் தேதியையும் படியுங்கள், 2324 என்றால் 2024-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயரின் பெரிய பட்டன் சேற்றுக்கு அருமை, மழை பெய்த தார் ரோட்டில் வழுக்கும், 60-க்கு மேல் இரையும். லாரிக்கான கனத்த சைடுவால் டயரும் வேண்டாம். சுமார் 1,200 கிலோ வண்டியின் எடைக்கு அது மடியவே மடியாது.

காற்று எவ்வளவு என்பதற்குக் கதவுச் சட்ட ஸ்டிக்கர் இனி சரிவராது, அது பழைய டயருக்கானது. அங்கிருந்து தொடங்கி சாக்பீஸால் சோதிக்கலாம். டயரின் குறுக்கே பட்டன்மேல் கெட்டியாக ஒரு கோடு இழுத்துவிட்டு நேரான ரோட்டில் முப்பது மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் அழிந்து ஓரத்தில் மிச்சமிருந்தால் காற்று அதிகம். ஓரம் அழிந்து நடு மிச்சமிருந்தால் குறைவு. ஒரே சீராக அழியும் வரை 2 பி.எஸ்.ஐ. ஏற்றி இறக்கிப் பாருங்கள். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிச் செம்மணல் போன்ற இடத்தில் 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் தரையில் பதியும் தடம் நீளும், வண்டி புதையாமல் மிதக்கும். பழைய 195 டயரிலும் இது நடக்கும் என்பதைப் பெரிய டயர் விற்பவர் சொல்ல மாட்டார். 12-க்குக் கீழே போனால் திருப்பும்போது பீடு கழலும். தார் ரோடு ஏறுமுன் மறுபடி நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரஸர் வண்டியில் இருக்கட்டும். குறைந்த காற்றில் நெடுஞ்சாலை ஓடினால் சைடுவால் சூடேறிப் பிய்த்துக்கொள்ளும்.

மாட்டிய பிறகு ஓட்டுநர் உணரும் மாற்றங்களைத் தங்கள் குறிப்பு தொடவே இல்லை. டயர் 5.8 சதவீதம் பெரிதானால் எல்லாக் கியரும் அத்தனை சதவீதம் நீண்டுவிடும். 134 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மலையில் மூன்றாவதில் ஏறிய இடத்தில் இரண்டாவதைக் கேட்கும். நான்கு கியர் ஆட்டோமேட்டிக் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அலையும். பிரேக் அதேதான், ஆனால் டயரின் ஆரம் கூடியதால் பெடலில் அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்து விசை ஐந்தரை சதவீதம் குறையும். டயரும் ரிம்மும் கனத்தது வேறு. கொல்லிமலையின் 70 வளைவுகளை இறங்கும்போது பிரேக் சூடு ஏறும், கியரைக் குறைத்து எஞ்சினால் பிடியுங்கள்.

மீட்டர் 94.5 காட்டும்போது சக்கரம் பழைய கணக்கில் 100 ஓடும். கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகும், 10,000-க்கு 9,450. "பெரிய டயர் போட்டதும் மைலேஜ் பத்து சதவீதம் விழுந்துவிட்டது" என்று புலம்புகிறவர்கள் கவனிக்க: அதில் பாதிக்குமேல் மீட்டர் செய்த வேலை, பெட்ரோல் அதைக் குடிக்கவில்லை. ஆயில் மாற்றும் கிலோமீட்டரையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பற்றியும் குறிப்பில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் 4-வது உட்பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பாடியைத் தாண்டித் துருத்தும் டயரும் ஸ்பிரிங் தூக்கலும்தான் முதலில் கண்ணில் படும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளாமல் எதையும் தொட வேண்டாம். விபத்துக்குப் பிறகு சர்வேயர் முதலில் டயர் அளவைப் படம் எடுப்பார்.

கடைசியாக, குறிப்போடு வந்த படம். நான்கு சக்கரத்திலும் புது 235 டயர் இருக்கிறது. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி மட்டும் பழைய 195. பழைய டயர் கிலோமீட்டருக்கு 459 சுற்று சுற்றும், புதியது 434. பஞ்சராகி அந்த ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டினால் கிலோமீட்டருக்கு 25 சுற்று வித்தியாசத்தைப் பின் டிஃபரன்ஷியல் ஓயாமல் விழுங்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றுவதைப் பார்த்து வண்டி வழுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி.யின் எச்சரிக்கை விளக்கும் எரியலாம். நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச் போட்டால் இன்னும் மோசம். ஜிம்னியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸைத் தின்னும். வாங்குவது ஐந்தாக இருக்க வேண்டும். ஐந்தாவதைத் தொங்கவிடும்போது பம்பரில் முட்டுகிறதா, கூடிய எடைக்குக் கதவுக் கீல் தொய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

40 என்பதை 20 என்றும், 'கம்பெனி ரிம்மிலேயே' என்பதை '6ஜே அல்லது அதற்கு மேற்பட்ட ரிம்மில்' என்றும் திருத்தி அடுத்த இணைப்பில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால் 'ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்து' என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்